கக்கத்துச் சூடு

அரூகே போய் நான்கு மாதமும் பதினொரு நாளும் ஆகியிருந்தன. இந்தக் கணக்கை வைத்திருந்தவள் குழந்தையைப் பெற்ற மீரிம் இல்லை, அவள் மாமியார் புருல்சா. சனிக்கிழமை காலை அடுப்புக்கு நிலக்கரி போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் அதைச் சொன்னாள்.

மீரிம் தலையை ஆட்டினாள். தேநீரில் பால் ஊற்றினாள். அது ஆறிப்போகும்வரை கிண்ணத்தைக் கையில் வைத்திருந்துவிட்டு, குடிக்காமலே தொட்டியில் கொட்டினாள்.

குழந்தையைப் புதைத்த நாளிலிருந்து அவள் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை போல ஆகியிருந்தது உடம்பு முழுவதும். இருக்கிறது என்று தெரியும், கடித்தால் தெரியாது. சாப்பிட்டாள், தூங்கினாள், கராகோல் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தாள். மாணவர்கள் அவளிடம் எந்த மாற்றத்தையும் காணவில்லை.

பதினான்கு மாதம் இருந்தாள் அரூகே. கடைசிவரை தலை நிற்கவில்லை. முதுகுத்தண்டிலிருந்து தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாய் நலிந்துபோகிற நோய், கருவிலேயே எழுதியாகிவிட்டது என்றார் தலைநகர் பிஷ்கெக்கில் பார்த்த டாக்டர். அவள் இறந்த நாற்பதாம் நாள் விருந்தில், உறவெல்லாம் கூடியிருந்த கூடத்தில், புருல்சா ஒரு வார்த்தை சொன்னாள். "எங்க பக்கம் ஏழு தலைமுறை பேர் சொல்லி எண்றேன். ஒருத்தருக்கும் இப்படி இல்ல. வந்த இடத்துலேருந்து வந்தது."

பதினொரு வருடமாக உயிரியல் நடத்துகிறவள் மீரிம். ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கணவன் துர்சுன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டபடி குனிந்திருந்தான். அடுத்த வாரமே நாரினுக்கு அப்பால் கணவாய்ப் பாதையில் லாரி ஓட்டப் போய்விட்டான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான், துணி மாற்றிக்கொண்டு போவான். வீட்டில் மிஞ்சிய இரண்டு பெண்களும் ரொட்டி, கரி, நாய் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமைதான் சிர்கா வந்தாள். துர்சுனின் தங்கை, அக்சூ கிராமத்தில் ஜோல்டோஷுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருடம் ஆகிறது. உருளைக்கிழங்கு அள்ளுவது போலக் கிடங்கு அறைக்கு அண்ணியை இழுத்துப்போய், தனக்குப் பத்து வாரம் என்று சொன்னாள். அம்மாவுக்குத் தெரியாது, ஜோல்டோஷுக்கே இன்னும் சொல்லவில்லை. "எனக்கும் அரூகே மாதிரி ஆகுமா அண்ணி?"

யோசித்துச் சொல்கிறேன் என்றாள் மீரிம். இரண்டு நாளாகியும் யோசிக்கவில்லை.

ஊர் நூலகத்தில் எல்லோருக்குமாக அவள் எடுக்கும் இன்றைய வகுப்பையும் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தாள். மூன்றாவது முறைக்குக் காரணம் கிடைக்காததால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

'உயிரை எழுதுவோம். ஐந்து வயது முதல் எண்பத்தைந்து வயது வரை' என்று நூலக வாசலில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. படிக்க முடியாதவர்களுக்கு நூலகத்துப் பெண் வீடு வீடாகப் போன் செய்து சொல்லியிருந்தாள். மாடியில் நல்ல கூடம் இருந்தும் கீழறையில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் படியின் மேல் இரண்டு பலகைகளைச் சாய்த்து, பனி வழுக்காமல் இருக்கச் சாம்பல் தூவியிருந்தார்கள்.

பதினேழு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் காசிம்பெக். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், வெந்நீர் ஊற்றுப் பக்கத்துச் சிகிச்சை இல்லத்தில் மசாஜ் செய்கிறவர். ஊரில் பாதிப் பேரின் முதுகு அவர் கைக்குத் தெரியும். அவருக்கு அடுத்து, காது கேளாத இரண்டு சகோதரிகளும் அவர்களுக்குக் கையசைவில் சொல்ல வந்த சித்தியும். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒரு பள்ளி மாணவி, அவள் வகுப்புத் தோழிகள் சிலர். கடைசியில், சந்தையில் அஷ்லாம்ஃபூ விற்கும் ரகியா. காரச் சாற்றில் குளிர்ந்த நூடுல்ஸை மிதக்கவிட்டு அவள் கொடுக்கும் கிண்ணத்தோடு அன்றைய ஊர்ச் செய்தியும் இலவசமாக வரும்.

மீரிம் ஆளுக்கொரு சுண்டுவிரல் நுனியளவு குப்பியைக் கொடுத்தாள். அடியில் வெள்ளையாய் ஒரு சிட்டிகை. இதில் உயிர் இல்லை என்று ஆரம்பித்தாள். பாக்டீரியாவை உடைத்து, உள்ளே வேலை செய்கிற சாமான்களை மட்டும் எடுத்து உறையவைத்துக் காயவைத்தது. தண்ணீர் பட்டால் வேலையைத் தொடங்கிவிடும். என்ன வேலை என்று எழுதிக் கொடுப்பது நாம். அந்த எழுத்துத்தான் டிஎன்ஏ. உயிர் தானாக எழுதி வைத்ததைப் படிப்பது பழைய படிப்பு. நமக்கு வேண்டியதை நாம் எழுதி அதனிடம் கொடுப்பதற்குத்தான் செயற்கை உயிரியல் என்று பெயர்.

"உயிரும் இல்ல, ஆனா சொன்ன வேலையைச் செய்யும்," என்றார் காசிம்பெக். "எங்க மேனேஜரை எப்போ டீச்சரம்மா குப்பியில அடைச்சீங்க?"

சிரிப்பு அடங்கும்வரை மீரிம் காத்திருந்தாள். தன்னைச் சொன்னது போலவும் அவளுக்குப் பட்டது. பட்டதே தவிர, தைக்கவில்லை.

தண்ணீர் விட்டு மூடியை அழுத்தியதும், இரண்டு மணி நேரம் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்றாள். அதற்கான இயந்திரம் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அதனால் எல்லோரும் குப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறையில் ஒரு குழப்பம் ஓடியது. பிப்ரவரி மாதத்தில் கக்கம் என்பது கோட்டு, ஸ்வெட்டர், கம்பளிச் சட்டை எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கிற ஒன்று. பெண்கள் புத்தக அலமாரிக்குப் பின்னால் போனார்கள். பஸ் டிரைவர் சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டினார். "என் கக்கத்துல முப்பது வருஷத்து அடுப்பு எரியுது," என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து ரகியாவின் குரல் வந்தது. "உங்க குப்பி வெந்து போனா என்னைக் கேக்கக்கூடாது."

அந்தச் சமயத்தில்தான் கதவு திறந்தது. முதலில் சிர்கா, அவள் பின்னால் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு புருல்சா.

இந்த வகுப்புகள் தொடங்கி மூன்று வருடத்தில் புருல்சா ஒன்றுக்கும் வந்ததில்லை. வாசலருகே நின்று பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டினாள். உட்கார்ந்தாள். மீரிம் இரண்டு குப்பிகளில் தண்ணீர் விட்டு ஒன்றைச் சிர்காவிடமும் ஒன்றை மாமியாரிடமும் கொடுத்தாள். என்ன ஏது என்று கேட்காமல், கோட்டுக் கழுத்துக்குள் கையை விட்டு அதைக் கக்கத்தில் வைத்து, கையை விலாவோடு இறுக்கிக்கொண்டாள் புருல்சா.

*

காத்திருக்கும் நேரத்தில் கம்பளித் துண்டுகளை மேசையில் பரப்பினாள் மீரிம். அழுத்திய கம்பளியில் வெட்டியவை. 'ஆரம்பி' என்பதற்கு ஒரு வடிவம், 'எவ்வளவு' என்பதற்கு ஒன்று, 'எதை' என்பதற்கு ஒன்று, 'நிறுத்து' என்பதற்கு ஒன்று. ஓரங்கள் சரியான வரிசையில் மட்டும் பொருந்தும். கண்ணால் பார்ப்பவர் நிறத்தைப் பார்க்கலாம், பார்க்க முடியாதவர் ஓரத்தைத் தடவலாம். நான்கும் சேர்ந்தால் ஒரு மரபணு, ஒரு கட்டளை.

அவற்றை வெட்டித் தைத்தது புருல்சாதான். போன கோடையில், காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தைத்தாள். எதற்கு என்று அப்போதும் கேட்கவில்லை.

சகோதரிகள் இருவரும் தவறான வரிசையில் கோத்துப் பார்த்துத் தங்களுக்குள் கையால் சண்டை போட்டார்கள். காசிம்பெக் ஒரே முறையில் கோத்துவிட்டார். முதுகெலும்பைவிட இது சுலபம் என்றார்.

யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று மீரிம் கேட்டாள். எல்லா வகுப்பிலும் கேட்பதுதான்.

புருல்சா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் நிற்பது போல, ஒரு கை விலாவோடு ஒட்டியிருக்க, நேராக நின்றாள்.

"எழுத்து ஒண்ணு பிழையாயிட்டா," என்றாள், "அது யார் பக்கத்துலேருந்து வரும்?"

ரகியா சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தினாள். கராகோல் பெரிய ஊர் இல்லை. அறையில் குழந்தைகளைத் தவிர மற்ற எல்லோருக்கும் அரூகேயைத் தெரியும். சிலர் மண் அள்ளிப் போட வந்தவர்கள். சிர்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் காதுமடல் சிவந்திருந்தது. யார் யாரை அழைத்துவந்தது என்று மீரிமுக்கு விளங்கியது.

இது வேறு பாடம், இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

நான்கு துண்டுகளை ஒரு வரிசையாக வைத்தாள், அதற்குக் கீழே இன்னொரு நான்கு. ஒவ்வொருவரிடமும் எல்லாக் கட்டளையும் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது என்றாள். மேல் வரிசையில் 'எதை' என்ற துண்டை ஓரமாக வெட்டினாள். இது கெட்டுப்போனாலும் கீழே இருப்பது ஓடும், அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது, தன்னிடம் வெட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது, அவர் அப்பாவுக்கும் தெரியாது, தாத்தாவுக்கும் தெரியாது. இப்படி ஓர் ஆளும் இப்படியே இன்னோர் ஆளும் சேர்ந்தால், ஆளுக்கொரு பிரதி பிள்ளைக்குப் போகும். எந்தப் பிரதி போகும் என்பது யார் கையிலும் இல்லை. நல்லதும் நல்லதும் போகலாம், நல்லதும் வெட்டுப்பட்டதும் போகலாம்.

கீழ் வரிசையிலும் அதே துண்டை எடுத்து அதே இடத்தில் வெட்டினாள்.

காசிம்பெக்கின் விரல்கள் மேல் வரிசையில் ஊர்ந்து வெட்டில் நின்றன. பிறகு கீழ் வரிசையில். அவர் இப்போது வேடிக்கை பேசவில்லை. "ரெண்டுலயும் ஒரே இடத்துல வெட்டு," என்றார். "தனித்தனியா யார்கிட்ட இருந்தாலும் வண்டி ஓடும். ரெண்டும் ஒரே பிள்ளைக்கு வந்துட்டா நின்னுடும்."

"நாலுல ஒரு பிள்ளைக்கு அப்படி வரலாம்," என்றாள் மீரிம்.

"அப்ப ரெண்டு பக்கமும்," என்றாள் புருல்சா.

"ஆமா அபா. ரெண்டு பக்கமும்."

"என் மகன்கிட்டயும்."

"அவர்கிட்டயும். என்கிட்டயும்."

இந்தப் பதிலை அவள் எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லியிருக்கிறாள். சூப்பைக் கிளறும்போது, பால் காயும்போது, துணி பிழியும்போது. மனதுக்குள் சொல்லும்போதெல்லாம் அது சுட்டது. இன்று வாயால் சொன்னபோது பஸ் நேரம் சொன்னது போல இருந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அங்கே எதையும் வென்றுவிட்டதாகத் தோன்றவில்லை.

புருல்சா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, தலைத்துணியை ஒரு கையாலேயே சரிசெய்துகொண்டு வெளியே போனாள். அடுத்த கேள்வியைப் பஸ் டிரைவர் கேட்டார்.

*

இரண்டு மணி நேரம் முடிந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டு நீல விளக்கைப் போட்டார்கள். குப்பிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாய் ஒளிர்ந்தன. சக்கர நாற்காலிப் பெண் தன் குப்பியைத் தோழிகள் யாரிடமும் கொடுக்க மறுத்தாள். ரகியாவினுடையது வெந்துபோகவில்லை. எல்லாவற்றையும்விட அதுதான் பிரகாசமாக இருந்தது. அதை அவள் எல்லோருக்கும் இரண்டு முறை காட்டினாள்.

காசிம்பெக்கின் குப்பியில் வேறு எழுத்து இருந்தது. அவர் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"வாழைப்பழம்," என்றார் மெதுவாக.

மற்றவர்கள் வரிசையாக வந்து முகர்ந்தார்கள். சகோதரிகளுக்கு இதற்குக் கையசைவு இல்லை. பழத்தை உரிப்பதும் மூக்கைத் தொடுவதுமாக அங்கேயே ஒன்றை உண்டாக்கி, சித்திக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். குப்பியைக் கடைசியாக மீரிமிடம் நீட்டினார் காசிம்பெக். முகர்ந்தாள். வாழைப்பழம்தான். நோட்டில் குறித்துக்கொண்டாள்: பத்தொன்பதில் பதினெட்டு சரி. ஒன்று கையில் இல்லை.

எல்லோரும் கோட்டு மாட்டிக்கொள்ளும்போது ரகியா அருகில் வந்து அவள் தோளைத் தொட்டாள். நன்றாகச் சொன்னாய், எங்களுக்கெல்லாம் இவ்வளவு நாளாகத் தெரியாது என்றாள். பிறகு, சிர்காவை அக்சூவில்தானே கொடுத்திருக்கிறீர்கள், என் தங்கை வீடும் அதே தெருதான் என்றாள்.

ஆமாம் என்றாள் மீரிம். வேறொரு வருடமாக இருந்தால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கு உடனே உறைத்திருக்கும். இன்று குப்பிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

*

வீட்டுக்குப் போகும் வழியில் சிர்கா நாலு அடி பின்னால் வந்தாள். பாப்ளர் மரங்களிலிருந்து பனி உதிர்ந்துகொண்டிருந்தது. தெருமுனை தாண்டியதும் மீரிம் நின்றாள்.

"ஏன் கூட்டிட்டு வந்தே?"

"வீட்டுல நீங்க சொல்லமாட்டீங்க அண்ணி. வகுப்புல கேட்டா சொல்லித்தானே ஆகணும். அதான் உங்க வேலை." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா எழுந்து நிப்பாங்கன்னு நினைக்கல. பின்னாடி உக்காந்து கேட்டுட்டுப் போவாங்கன்னுதான் நினைச்சேன்," என்றாள்.

மீரிம் கோபப்படவில்லை. கிடங்கு அறையில் கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் கழித்து, நடந்துகொண்டே பதில் சொன்னாள். அண்ணனிடம் வெட்டு இருக்கிறது, அதனால் உன்னிடமும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் ஜோல்டோஷிடமும் இருந்தால்தான் பயம். ஐம்பது பேரில் ஒருவரிடம்தான் அது இருக்கும். ரத்தம் எடுத்து பிஷ்கெக்குக்கு அனுப்பினால் தெரிந்துவிடும், இருவரும் கொடுக்க வேண்டும்.

"அப்ப அவர்கிட்ட சொல்லணும்."

"சொல்லணும்."

"சொன்னா அவங்க அம்மாவுக்குத் தெரியும்."

மீரிம் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். சிர்கா அவளோடு சேர்ந்து நடந்தாள்.

*

சமையலறையில் புருல்சா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு அணைந்துபோயிருந்தது. அந்த வீட்டில் அடுப்பு பகலில் அணைந்து மீரிம் பார்த்ததில்லை. கிழவியின் வலது கை இன்னமும் விலாவோடு ஒட்டியிருந்தது.

"நேரம் ஆயிடுச்சு அபா. குப்பியை எடுத்துடலாம்."

புருல்சா கையை எடுக்கவில்லை.

"தலை நிக்காத பிள்ளை எனக்கு ஒண்ணு இருந்துச்சு," என்றாள்.

மீரிம் கரி வாளியைக் கீழே வைத்தாள்.

புருல்சா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கூட்டுப்பண்ணைக் காலம். அவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி ஒரு வருடம். கணவன் மந்தையோடு மலைக்குப் போயிருந்தான். பிள்ளை அழகாகப் பிறந்தது, கண் மட்டும் எல்லாவற்றையும் பார்க்கும், கையும் காலும் துணி போலக் கிடக்கும். கண் பட்டுவிட்டது என்றார்கள். கர்ப்பத்தில் இடுகாட்டைத் தாண்டிப் போயிருப்பாள் என்றும் சொன்னார்கள். நான்கு மாதம் இருந்தது. இலையுதிர் காலத்தில் மந்தை இறங்கி வந்தபோது கணவனிடம் காட்டப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இனி யாரும் பேசக் கூடாது என்றார் மாமனார். யாரும் பேசவில்லை.

"ஏழு தலைமுறைன்னு எண்றோமே, அதுல பொண்ணுங்க பேரு வராது," என்றாள். "அது பொண்ணு. எண்ண வேண்டிய அவசியமே வரல."

வாசற்படியில் சிர்கா நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று இருவரும் கவனிக்கவில்லை.

"அதுக்கப்புறம் பிறந்தவனுக்குத்தான் துர்சுன்னு வெச்சோம். இவனாவது நிக்கட்டும்னு."

"மாமாவோட தாய்மாமன் பேருன்னு சொன்னீங்க," என்றாள் மீரிம்.

"அவர் பேரு சாத்தார்."

பிறகு புருல்சா முதல்முறையாக மருமகளை நேராகப் பார்த்தாள். "நாற்பதாம் நாள் அன்னிக்கு அத்தனை பேர் நடுவுல உன்னைச் சொன்னேனே, அப்பவே எனக்கு இது ஞாபகத்துல இருந்துச்சு. அரூகேயைக் கையில வாங்கின மூணாம் மாசமே தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் சொன்னேன்."

கோபம் வர வேண்டிய இடம் இது என்று மீரிமுக்குத் தெரிந்தது. வழக்கமாகச் சாவி மாட்டும் ஆணியைத் தடவுவது போல உள்ளே தேடிப் பார்த்தாள். அங்கே எதுவும் மாட்டியிருக்கவில்லை. எதிரில் குளிர்ந்த அடுப்பும், கோட்டோடு உட்கார்ந்திருக்கும் அறுபத்தைந்து வயதுப் பெண்ணும் மட்டும் இருந்தார்கள்.

"பேரு என்ன வெச்சீங்க?"

அந்தக் கேள்வியைப் புருல்சா எதிர்பார்க்கவில்லை.

"உம்சுனாய்."

"எனக்கு ஒரு அக்கா இருந்தாளா," என்றாள் சிர்கா. கேள்வி போலக் கேட்கவில்லை. உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள். யாரும் யாரையும் தொடவில்லை.

மீரிம் குனிந்து அடுப்பை மூட்டினாள். சுள்ளி பிடித்துக்கொண்டதும் புருல்சா கோட்டுக்குள் கையைவிட்டுக் குப்பியை எடுத்து மேசையில், உப்புக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தாள். பச்சையாகத் தெரியும் என்றாயே, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள். இல்லை, நீல விளக்கு வேண்டும், திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டுகிறேன் என்றாள் மீரிம். நாற்பதாம் நாளுக்குப் பிறகு ரொட்டி, கரி, நாய் தவிர அந்த வீட்டில் இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

*

ஐந்து மணிக்கு நாய் குரைத்தது.

முன்னறிவிப்பு இல்லாமல் ஜோல்டோஷ் வருவதில்லை. சிர்காவை நாளைதான் அழைத்துப் போவதாக ஏற்பாடு. அவன் உள்ளே வந்து, நடையில் விரித்திருந்த சாக்கின் மேல் நின்றான். தொப்பியை எடுத்தான், பூட்ஸைக் கழற்றவில்லை. நல்ல பையன். இந்த வீட்டுக்கு வந்தால் முதலில் நாயோடு விளையாடிவிட்டு, அப்புறம்தான் மாமியாருக்கு வணக்கம் சொல்வான். இன்று இரண்டும் இல்லை.

"அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க அபா," என்றான் புருல்சாவிடம். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். பக்கத்து வீட்டம்மாவுக்குச் சந்தையிலிருந்து போன் வந்ததாம். நூலகத்தில் நீங்களே எழுந்து நின்று கேட்டீர்களாம், இந்த வீட்டு ரத்தத்தில் நோய் இருக்கிறது என்று சொன்னார்களாம். தெரிந்தே மறைத்துப் பெண் கொடுத்தார்களா என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை, அம்மா கேட்கிறாள் என்று இரண்டு முறை சொன்னான்.

மீரிமுக்கு அப்போதுதான் ரகியாவின் கை தோளில் பட்டது நினைவுக்கு வந்தது. அந்தக் கை ஒரு கெடுதலும் நினைக்கவில்லை. வகுப்பில் கற்றதை ஊருக்குச் சொல்லியிருக்கிறாள், எல்லா வகுப்பின் முடிவிலும் மீரிம் கேட்டுக்கொள்வதும் அதைத்தான்.

புருல்சா எழுந்தாள்.

"உண்மைதான். எனக்கு ஒரு பொண்ணு அதே நோயில போச்சு. மறைச்சேன். சிர்காவுக்கே இன்னிக்கி மத்தியானம்தான் தெரியும். கேக்கறது எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளு. அவளைக் கேக்காதே."

ஜோல்டோஷ் மாமியாரைப் பார்த்தான். இப்படி ஒரு நேர்ப்பதிலுக்கு அவன் தயாராக வரவில்லை. திரும்பிப் போய் அம்மாவிடம் சொல்ல ஒரு மறுப்பை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தான்.

மீரிம் மெதுவாக, வகுப்பில் பேசும் அதே குரலில் சொன்னாள். சிர்காவிடம் அது இருந்தாலும் அவளுக்கு ஒன்றும் வராது. கணவன் மனைவி இருவரிடமும் இருந்தால் மட்டுமே பிள்ளைக்குப் பயம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். "நீயும் குடுக்கணும், தம்பி."

"என்கிட்ட எப்படிக்கா இருக்கும்? எங்க பக்கம் ஏழு தலைமுறை எண்ணி..."

அவனே நிறுத்திக்கொண்டான். தொப்பியைப் பார்த்தான். பிள்ளை என்ற பேச்சே இன்னும் எடுக்கவில்லை, இப்போது எதற்கு ரத்தமும் பரிசோதனையும் என்று முணுமுணுத்தான். முதலில் கிளம்பலாம், மற்றதை வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றான்.

சிர்கா பலகையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"பத்து வாரம்," என்றாள்.

புருல்சாவின் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது. அவளுக்கும் இதுதான் முதல் செய்தி. அடுப்பில் கரி ஒன்று வெடித்து அடங்கியது.

ஜோல்டோஷ் மனைவியைப் பார்த்தான், மீரிமைப் பார்த்தான், மறுபடி மனைவியைப் பார்த்தான். பிறகு குனிந்தான். வலது காலின் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தான். இடது காலின் கயிற்றை அவிழ்த்தவன், அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

வெளியே அவன் காரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்காமலே வந்திருந்தான்.